மெனுவை மூடச் சொன்னால் பக்கமே மூடுகிறதே!

பேக் பட்டனும் பாப்-அப் மெனுவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத கதையைப் பல வாசகர்கள் பல விதமாக எழுதியிருந்தார்கள். அவற்றை இந்த முறை ஒரே இடத்தில் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: ஒரு ஆப்பில் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் மெனு வருகிறது. வேண்டாம் என்று பேக் அழுத்தினால் மெனு மட்டும் மூடுகிறது. இன்னொரு ஆப்பில் அதையே செய்தால் மெனுவோடு பக்கமும் சேர்ந்து போய்விடுகிறது. இது போன் கோளாறா, என் விரல் கோளாறா சார்?

பதில்: இரண்டும் இல்லை. அந்த இரண்டாவது ஆப்பை எழுதியவரின் கோளாறு.

பேக் என்பதற்கு ஆண்ட்ராய்டில் ஒரே அர்த்தம்தான் இருக்க வேண்டும்: கடைசியாக எது மேலே வந்து உட்கார்ந்ததோ அது முதலில் போகட்டும். மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாள் வைத்தால் மேலே இருப்பதைத்தானே முதலில் எடுப்போம், அதே கணக்கு. பக்கத்தின் மேல் மெனு, மெனுவின் மேல் ஒரு 'நிச்சயமா?' பெட்டி என்று இருந்தால், முதல் பேக் பெட்டியை மூடும், இரண்டாவது மெனுவை மூடும், மூன்றாவதுதான் பக்கத்தை விட்டு வெளியே போகும்.

பிறகு ஏன் ஆப்புக்கு ஆப் மாறுகிறது? பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் மெனுவை இரண்டு விதமாகச் செய்யலாம், அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆண்ட்ராய்டே தரும் மெனுவைப் பயன்படுத்தினால், அது திரையில் தனி விண்டோவாகத் திறக்கும். திறந்தவுடன் ஃபோகஸ் அதற்குப் போய்விடும், அதனால் நீங்கள் அழுத்தும் பேக் முதலில் அந்த மெனுவின் கைக்குத்தான் போகும், அது தன்னை மூடிக்கொள்ளும், கீழே இருக்கும் பக்கத்துக்கு விஷயமே தெரியாது. ஆனால் சிலர் அழகுக்காகவோ அவசரத்துக்காகவோ, பக்கத்துக்குள்ளேயே ஒரு வெள்ளைப் பெட்டியை வரைந்து, அதில் நாலு வரி எழுதி, 'மெனு' என்று காட்டிவிடுவார்கள். நமக்கு அது மெனு. போனுக்கு அது பக்கத்தின் ஒரு பகுதி, ஒரு படம் மாதிரி. அப்போது பேக் அழுத்தினால் போன் என்ன செய்யும்? மூட வேண்டிய விண்டோ என்று அதற்குத் தெரிவது அந்தப் பக்கம் மட்டும்தான், அதை மூடிவிடும்.

அப்படி வரையக் கூடாது என்றில்லை. வரைந்தவர், 'இந்தப் பெட்டி திறந்திருக்கும்போது பேக் வந்தால் எனக்குச் சொல்' என்று போனிடம் சொல்லி வைக்க வேண்டும். அதற்குச் சில வரி நிரல் போதும். அந்தச் சில வரியைத்தான் மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் எழுதும்போது எல்லோரும் மெனுவுக்கு வெளியே தொட்டுத்தான் மூடிப் பார்க்கிறார்கள், பேக் அழுத்திப் பார்ப்பதில்லை.

கேள்வி: நீளமான விண்ணப்பப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தேன். கீபோர்டு மறைத்துக்கொண்டிருந்ததால் பேக் அழுத்தினேன், கீபோர்டு போயிற்று. தேதி தேர்வு செய்யும் பெட்டி வந்தது, பேக் அழுத்தினேன், பெட்டி போயிற்று. அடுத்தும் ஏதோ மூட வேண்டும் என்று நினைத்து அழுத்தினேன், படிவமே போயிற்று. எழுதியது ஒன்றுகூட இல்லை.

பதில்: கோபம் நியாயமானது. பேக் ஒவ்வொரு முறையும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. கடைசி அழுத்தலில் ஆப் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. பாதி நிரப்பிய படிவத்தை விட்டு வெளியேறும்போது, ஒன்று எழுதியதைத் தானாகவே சேமித்து வைக்க வேண்டும், அல்லது 'சேமிக்கவா, விட்டுவிடவா' என்று ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் முதலாவதுதான் மரியாதை. கேள்வி கேட்கும் பெட்டியே இன்னொரு பாப்-அப், அதையும் நாம்தான் மூட வேண்டும்.

இனிமேல் உதவக்கூடிய ஒரு சின்ன அடையாளம் இருக்கிறது. திரையின் அடியில் பட்டன்கள் தெரியும் மூன்று பட்டன் முறையில், கீபோர்டு திறந்திருக்கும்போது இடது பக்கம் பார்த்திருக்கும் பேக் முக்கோணம் கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். கீழே பார்த்தால் அடுத்த அழுத்தல் கீபோர்டை மட்டும்தான் மூடும். பழையபடி திரும்பிவிட்டால், அடுத்தது பெட்டி, மெனு, பக்கம், எது மேலே இருக்கிறதோ அது. சில போன்களில் பட்டன்களின் வடிவமும் வரிசையும் வேறாக இருக்கும், அங்கும் கீபோர்டு திறந்தவுடன் பேக் பட்டன் மாறுகிறதா என்று ஒருமுறை கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு மெனுவில் நாலைந்து டிக் போட்டுவிட்டு பேக் அழுத்தினால் அந்த டிக்குகள் செல்லுமா, செல்லாதா? ஒவ்வொரு ஆப்பிலும் ஒவ்வொரு மாதிரி நடக்கிறது.

பதில்: நல்ல கேள்வி, ஆப் எழுதுபவர்களே குழம்பும் இடம்.

ஒன்றை மட்டும் தேர்வு செய்யும் சாதாரண மெனுவில் சந்தேகமே இல்லை. பேக் என்றால் 'எதுவும் வேண்டாம்'. அழி, அனுப்பு, பகிர் என்று வரிசையாக இருக்கும் மெனுவில் பேக் அழுத்தி எதாவது நடந்துவிட்டால் அது கொடுமை. 'சரி', 'ரத்து' என்று இரண்டு பட்டன் உள்ள பெட்டியிலும் பேக் அழுத்துவது 'ரத்து' அழுத்துவதற்குச் சமம்.

சிக்கல் நீங்கள் சொல்வது போன்ற வடிகட்டும் மெனுக்களில்தான் வருகிறது: விலை, நிறம், அளவு என்று டிக் போடுகிற இடம். கீழே 'பொருத்து' என்று பட்டன் இருந்தால், அதை அழுத்தாமல் பேக்கில் வெளியே வந்தால் டிக் எதுவும் செல்லக் கூடாது. பட்டனே இல்லாமல், டிக் போட்ட உடனேயே பின்னால் பட்டியல் மாறிக்கொண்டே இருந்தால், மாற்றம் ஏற்கெனவே நடந்துவிட்டது. பேக் மெனுவை மூடும், டிக்குகள் அப்படியே இருக்கும். போன் செட்டிங்ஸில் ஒரு சுவிட்சை ஆன் செய்துவிட்டு பேக் அழுத்தினால் அது ஆஃப் ஆகிவிடுவதில்லையே, அதே மாதிரி. பட்டனையும் வைத்துவிட்டு, பேக் அழுத்தினாலும் டிக்கை ஏற்றுக்கொள்ளும் ஆப்கள் உண்டு. அப்புறம் அந்தப் பட்டன் எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

கேள்வி: ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறினேன். பேக் பட்டனே இல்லை. மெனுவை மூட என்ன செய்வது?

பதில்: மெனுவுக்கு வெளியே எங்காவது தொடுங்கள், மூடிவிடும். கீழிருந்து ஏறி வரும் பெரிய அட்டை போன்ற பக்கமாக இருந்தால் அதைப் பிடித்துக் கீழே இழுத்துவிடுங்கள். 2019இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் பெரும்பாலான ஆப்களில் இது வேலை செய்கிறது. சேமிக்காத விஷயம் எதாவது உள்ளே இருந்தால் ஆப் அந்த அட்டையை இறங்க விடாமல் பிடித்துக்கொள்ளவும் முடியும், அப்போது இழுத்தால் கொஞ்சம் இறங்கிவிட்டு மேலேயே திரும்பிவிடும். நடுவில் வரும் எச்சரிக்கைப் பெட்டிக்கு மட்டும் இந்த வழிகள் எதுவும் செல்லாது, வெளியே தொட்டாலும் அசையாது. அதில் இருக்கும் பட்டன்களில் ஒன்றைத் தொட்டே ஆக வேண்டும்.

இடது ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தால் முந்தைய பக்கம் வருகிறதே என்று கேட்பீர்கள். அது 2013இல் ஐஓஎஸ் 7இல் வந்தது, ஆனால் அது பக்கம் விட்டுப் பக்கம் போகிற வழி. ஆண்ட்ராய்டின் பேக் மாதிரி கீபோர்டு, மெனு, பெட்டி, பக்கம் என்று எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே சாவி ஐபோனில் கிடையாது. பழகினால் சிரமமில்லை. இரண்டு போனையும் மாற்றி மாற்றிக் கையில் வைத்திருப்பவர்களுக்குத்தான் விரல் தடுமாறும்.

கேள்வி: முன்பெல்லாம் பேக் பட்டன் ஒழுங்காகத் திரைக்குக் கீழே இருந்தது. இப்போது ஓரத்திலிருந்து இழுக்கச் சொல்கிறார்கள். பக்கவாட்டு மெனுவைத் திறக்க இழுத்தால் ஆப்பை விட்டே வெளியே வந்துவிடுகிறேன். பழையபடி மாற்ற முடியாதா?

பதில்: முடியும். 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனிலேயே பேக்குக்குத் தனியாக நிஜமான பட்டன் இருந்தது. 2011 வாக்கில் அது திரைக்குள் வரைந்த பட்டனாக மாறியது. 2019இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோது இரண்டு ஓரங்களில் எதிலிருந்து உள்ளே இழுத்தாலும் பேக் என்று ஆக்கினார்கள். அதுவரை இடது ஓரத்தை இழுத்தால் பக்கவாட்டு மெனு திறக்கும் என்று ஆண்டுக்கணக்கில் பழகியிருந்தோம், அந்த இடத்தையே பேக் எடுத்துக்கொண்டது. குறிப்பிட்ட இடத்தில் பேக் வேண்டாம் என்று ஆப் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் அதற்கும் ஓரத்தில் 200 டிபி உயரத்துக்கு மேல் அனுமதி இல்லை. டிபி என்பது திரையின் புள்ளி அடர்த்திக்கேற்ற அளவுக் கணக்கு. போன் திரையின் உயரத்தில் அது ஒரு சிறு பகுதிதான். ஓரம் முழுவதையும் ஆப் எடுத்துக்கொண்டால் நீங்கள் வெளியே வர வழியே இருக்காது என்பதால் அந்த வரம்பு. அது நியாயம்தான் என்பேன்.

செட்டிங்ஸைத் திறந்து மேலே தேடும் இடத்தில் 'நேவிகேஷன்' என்று தட்டினால் மூன்று பட்டன் முறைக்கு மாற்றும் இடம் வரும். கம்பெனிக்குக் கம்பெனி அது இருக்கும் இடம் வேறு என்பதால் தேடுவதே சுலபம். மாற்ற மனமில்லை என்றால் அதே இடத்தில் ஓர உணர்திறனைக் குறைத்துப் பாருங்கள், பல போன்களில் இடது வலது இரண்டுக்கும் தனித்தனியாகக் குறைக்கலாம். பக்கவாட்டு மெனுவை இழுத்துத் திறப்பதை விட்டுவிட்டு, மூலையில் உள்ள மூன்று கோட்டைத் தொட்டுத் திறங்கள். திறந்த மெனுவை மூடுவதற்கு அதே ஓர இழுப்பு சரியாகவே வேலை செய்யும், செய்ய வேண்டும்.

கேள்வி: அண்மையில் ஒரு ஆப்பை அப்டேட் செய்தேன். அதுவரை பேக் அழுத்தினால் மெனு மூடியது. இப்போது ஆப்பே மூடுகிறது. அப்டேட் செய்யாமலே இருந்திருக்கலாமோ?

பதில்: அப்டேட்டைத் தவிர்க்காதீர்கள், பாதுகாப்புத் திருத்தங்களும் அதில்தான் வருகின்றன. உங்கள் சந்தேகம் மட்டும் சரியாக இருக்க வாய்ப்புண்டு.

ஓரத்தை மெதுவாக இழுத்துப் பிடித்தால், விட்டால் எங்கே போவோம் என்று பின்னால் இருக்கும் பக்கம் எட்டிப் பார்ப்பதைச் சில ஆப்களில் கவனித்திருப்பீர்கள். இதற்கு முன்னறி பேக் என்று வைத்துக்கொள்வோம். 2022இல் ஆண்ட்ராய்டு 13இல் சோதனையாக ஆரம்பித்து, 2024இல் ஆண்ட்ராய்டு 15இல் தயாராக இருக்கும் ஆப்களுக்கெல்லாம் திறந்துவிட்டு, 2025இல் ஆண்ட்ராய்டு 16இல், அந்தப் பதிப்பை இலக்காக வைத்துத் தயாரிக்கும் ஆப்களுக்குத் தானாகவே ஆன் ஆகும்படி செய்துவிட்டார்கள்.

முன்கூட்டியே காட்ட வேண்டும் என்றால், பேக் அழுத்தினால் என்ன நடக்கும் என்பது போனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? பழைய முறையில் அது தெரியாது. நீங்கள் அழுத்திய பிறகுதான் போன் ஆப்பைக் கேட்கும், ஆப் 'மெனு திறந்திருக்கிறது, அதை மூடுகிறேன்' என்று அப்போது முடிவு செய்யும். புதிய முறையில் ஆப் முதலிலேயே பெயர் கொடுத்து வைக்க வேண்டும். கொடுக்காவிட்டால் போன் அதைக் கேட்கவே கேட்காது, நேராகப் பக்கத்தை மூடிவிடும். ஆக, பழைய வழியில் மெனுவை மூடிக்கொண்டிருந்த ஆப், புதிய பதிப்பை இலக்காக வைத்துவிட்டு அந்தச் சில வரிகளை மாற்ற மறந்தால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். அடுத்த அப்டேட்டில் சரியாகலாம். கம்பெனிக்கு எழுதிப் போடுங்கள், எப்படி எழுதுவது என்று கடைசியில் சொல்கிறேன்.

கேள்வி: நான் ஆப் எழுதப் பழகும் மாணவன். நான் செய்த பாப்-அப் பேக் அழுத்தினால் மூட மறுக்கிறது. எங்கே பார்க்க வேண்டும்?

பதில்: எதில் எழுதுகிறாய் தம்பி என்று சொல்லவில்லை, அதனால் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போகிறேன்.

பழைய ஆண்ட்ராய்டு முறையில் பாப்அப்விண்டோ பயன்படுத்தினால் முதலில் ஃபோகஸபிள் என்பதை ட்ரூ ஆக்கு. ஃபோகஸ் இல்லாத விண்டோவுக்கு பேக் போய்ச் சேராது. ஆண்ட்ராய்டு 6க்கு முந்தைய போன்களில் இன்னொரு வேடிக்கை இருந்தது: பின்னணி எதுவும் கொடுக்காத பாப்-அப் பேக்குக்கும் மூடாது, வெளியே தொட்டாலும் மூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பின்னணியைக் கொடுத்தால் உடனே மூடும். காரணமே புரியாமல் பலரும் அந்த ஒரு வரியைக் காப்பி அடித்துக்கொண்டிருந்தார்கள். இன்றும் பழைய நிரல்களில் அதைப் பார்க்கலாம்.

ஆண்ட்ராய்டின் புதிய முறையான கம்போஸில் பாப்-அப்புக்கு ஃபோகஸபிள், பேக்கில் மூடு, வெளியே தொட்டால் மூடு என்று தனித்தனிப் பண்புகள் உண்டு, முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் பார்த்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்ளாதே. ஆப் எழுதும் இன்னொரு கருவியான ஃபிளட்டரில் ஷோமெனு, ஷோடயலாக் போன்றவை, பக்கங்களை அடுக்கி வைக்கும் நேவிகேட்டரில் ஒரு ரூட்டாகவே ஏறுகின்றன, அதனால் பேக் அவற்றைத் தானாக இறக்கிவிடும்; ஓவர்லே என்ட்ரியை நேரடியாகப் போட்டால் நேவிகேட்டருக்கு அது தெரியாது, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே மாதிரிக் கருவியான ரியாக்ட் நேட்டிவில் மோடல் என்னும் பெட்டி திறந்திருக்கும்போது, பேக்கைக் கவனிக்கும் பேக்ஹேண்ட்லருக்குச் செய்தியே வராது, மோடலின் ஆன்ரிக்வெஸ்ட்குளோஸில்தான் மூடும் வேலையை எழுத வேண்டும். இது தெரியாமல் பேக்ஹேண்ட்லரிலேயே தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

நீயே பேக்குக்கு கால்பேக் (பேக் வந்தால் அழைக்கப்படும் நிரல் துண்டு) எழுதுவதாக இருந்தால் இரண்டு இடத்தில் ஜாக்கிரதை. கால்பேக்குகளில் கடைசியாகச் சேர்த்தது முதலில் அழைக்கப்படும், அதாவது சேர்த்த வரிசைதான் கணக்கு, திறந்த வரிசை இல்லை. மெனுவின் கால்பேக்கை ஆரம்பத்திலேயே சேர்த்துவிட்டு, பக்கத்தின் கால்பேக்கைப் பிறகு சேர்த்தால், மெனு மேலே திறந்திருந்தாலும் பக்கம் முந்திக்கொள்ளும். அடுத்தது, மெனு மூடியிருக்கும்போது அதன் கால்பேக்கை அணைத்து வை. எப்போதும் ஆன் செய்து வைத்தால் பயனர் பேக் அழுத்துவார், எதுவும் நடக்காது, மறுபடி அழுத்துவார், அப்புறம் உன் ஆப்பை நீக்கிவிடுவார்.

சோதிக்கும்போது மெனுவைத் திறந்துவிட்டு போனைப் பக்கவாட்டில் திருப்பி, அதற்குப் பிறகு பேக் அழுத்திப் பார். பாதிப் பிழைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கேள்வி: ஆப் இல்லை, பிரவுசரில் ஒரு தளம். பாப்-அப் வந்தது, பேக் அழுத்தினேன், தளத்தை விட்டே வந்துவிட்டேன். இன்னொரு தளத்தில் பேக் எத்தனை முறை அழுத்தினாலும் வெளியே வர முடியவில்லை!

பதில்: இரண்டும் ஒரே வேரில் முளைத்த தொல்லை. பிரவுசரில் பேக் என்றால் முந்தைய பக்கம், அவ்வளவுதான். பக்கத்துக்குள் திறக்கும் பெட்டி அதன் கணக்கில் வராது. அதனால் தளம் எழுதுபவர்கள், பெட்டி திறக்கும்போது பிரவுசர் வைத்திருக்கும் பார்த்த பக்கங்களின் வரலாற்றில் ஒரு பொய்ப் பக்கத்தைச் சேர்த்துவிடுவார்கள், பேக் அழுத்தினால் அந்தப் பொய்ப் பக்கம் போகும், அதைப் பார்த்துப் பெட்டியை மூடுவார்கள். நல்ல எண்ணத்தில் செய்த தந்திரம்தான். பெட்டியை பேக்கில் மூடாமல் பெருக்கல் குறியைத் தொட்டு மூடினால் அந்தப் பொய்ப் பக்கம் உள்ளேயே தங்கிவிடும், பிறகு ஒரு பேக் வீணாகப் போகும். இதே தந்திரத்தைக் கெட்ட எண்ணத்தில் வரிசையாகச் செய்தால் நீங்கள் சொன்ன இரண்டாவது தளம் மாதிரி சிறை ஆகிவிடும். அந்த மாதிரித் தளத்தில் போராட வேண்டாம், டேபையே மூடுங்கள்.

இதற்கென்றே 'குளோஸ் வாட்சர்' என்ற வசதி குரோமின் 126ஆம் பதிப்பில், 2024இல் வந்தது. வரலாற்றைத் தொடாமலே பேக் பெட்டியை மூடும். பயனரைப் பிடித்து வைக்க அதைப் பயன்படுத்த முடியாதபடி, நீங்கள் பக்கத்தில் எதையாவது தொட்டால்தான் புதிதாகப் பிடித்துக்கொள்ளலாம் என்ற கட்டுப்பாடும் அதில் உண்டு. தளங்கள் அதற்கு மாறுவதுதான் மெதுவாக நடக்கிறது.

கேள்வி: 'மதிப்பீடு கொடுங்கள்' என்று வரும் பெட்டி பேக் அழுத்தினாலும் போகவில்லை. அப்படிச் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டா?

பதில்: செய்ய முடியும், பெட்டியை 'ரத்து செய்ய முடியாதது' என்று குறித்துவிட்டால் பேக் செல்லாது. அது பணம் போய்க்கொண்டிருக்கும் நடுவிலோ, பதில் சொல்லாமல் நகரவே முடியாத கேள்விக்கோ வைத்த வசதி. நட்சத்திரம் கேட்க அதைப் பயன்படுத்துவது அசிங்கம். ஹோம் போய், ஆப்பை மூடித் திறங்கள்.

கேள்வி: எனக்குப் பார்வை இல்லை, திரையைப் படித்துச் சொல்லும் வசதியோடு போன் பயன்படுத்துகிறேன். மெனு திறந்துவிட்டால் வெளியே எங்கே தொடுவது என்று தெரிவதில்லை.

பதில்: வெளியே தொடுவதைத் தேட வேண்டியதே இல்லை. ஆண்ட்ராய்டின் டாக்பேக்கில் ஒரு விரலால் கீழே இழுத்து, கையை எடுக்காமல் இடது பக்கம் இழுத்தால் அது பேக். ஐபோன் வாய்ஸ்ஓவரில் இரண்டு விரலை வைத்து இசட் எழுத்துப் போல வேகமாக முன்னும் பின்னும் தேய்த்தால் மெனுவோ பெட்டியோ மூடும், எதுவும் திறந்திருக்கவில்லை என்றால் முந்தைய பக்கம் வரும். முதல் கேள்வியில் சொன்ன வரைந்த மெனுக்கள் இங்கேதான் இன்னும் மோசம்: பார்ப்பவருக்கு வேறு வழிகளாவது தெரியும், உங்களுக்கு மெனு திறந்ததே சொல்லப்படாமல் போகலாம். கம்பெனிக்கு எழுதும்போது இதை மறக்காமல் குறிப்பிடுங்கள்.

கேள்வி: எழுதுங்கள் எழுதுங்கள் என்கிறீர்கள், 'பேக் வேலை செய்யவில்லை' என்று எழுதினால் 'போனை அணைத்து ஆன் செய்யுங்கள்' என்று பதில் வருகிறது.

பதில்: அந்த ஒரு வரியை வைத்து அவர்களால் வேறு எதுவும் சொல்ல முடியாது. எந்தப் பக்கம், எதைத் திறந்தீர்கள், என்ன அழுத்தினீர்கள், என்ன நடந்தது, எந்த ஆண்ட்ராய்டு, பட்டன் முறையா இழுப்பு முறையா, ஆப்பின் பதிப்பு எண் என்ன, இவ்வளவும் இருக்கட்டும். இப்படி: 'பட்டியல் பக்கத்தில் மூன்று புள்ளியைத் தொட்டு மெனு திறந்தேன், ஓரத்திலிருந்து இழுத்தேன், மெனு மூடாமல் பக்கம் மூடிவிட்டது, ஒவ்வொரு முறையும் இப்படித்தான் நடக்கிறது, ஆண்ட்ராய்டு 16, இழுப்பு முறை.' ஒவ்வொரு முறையும் நடக்கிறது என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். திரையைப் பதிவு செய்த சின்ன வீடியோ ஒன்றையும் இணைத்துவிட்டால் அணைத்து ஆன் செய்யச் சொல்ல அவர்களுக்குக் கை வராது.